லூர்தம்மாளின் பீங்கான் மாடு

என் மாமியார் லூர்தம்மாளுக்கு உயிருள்ள பிராணிகளைக் கண்டாலே ஆகாது. நாய் வாசலில் வந்து படுத்தால் விளக்குமாற்றால் ஒன்று வைப்பார். கோழி இரண்டாம் தடவை அடுப்படிக்குள் நுழைந்தால் அன்றைக்கு அதுதான் குழம்பு. அப்படிப்பட்டவர் பீங்கானில் செய்த நாயையும் பீங்கானில் செய்த கோழியையும் துடைக்கும்போது மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் விடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

நான் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி, பெயர் ராஜமேரி. 1964-இல் இண்டூருக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டேன். ஊரில் பாதிப் பேர் எங்களைப்போல வேதக்காரர்கள், மீதிப் பேர் இந்துக்கள். எல்லாருக்கும் ராகியும் கல்லக்காய் என்கிற நிலக்கடலையும்தான் பிழைப்பு. எங்கள் வீடும் அதற்குத் தகுந்த வீடுதான். நாட்டு ஓடு, ஒரு மூலையில் ராகி மூட்டை, இன்னொரு மூலையில் கலப்பை, பரணில் வெங்காயம். இத்தனைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி பீரோ. அதற்குள் துணி கிடையாது, பாத்திரம் கிடையாது. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் பொம்மைகள். அத்தையின் சேலைகள் கொடியில் தொங்கும், பொம்மைகளுக்கு மட்டும் பீரோ. அதன் கண்ணாடியைத் தருமபுரியிலிருந்து என் மாமனார் சின்னப்பன் பஸ்ஸில் மடிமேல் வைத்து, ஆடாமல் அசையாமல் கொண்டுவந்தாராம். "எம் புள்ளைங்களக்கூட நான் அப்பிடித் தூக்குனதில்ல" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பிள்ளையில்லாத குறைக்குப் பொம்மை வாங்குகிறாள் என்று யாரும் அத்தையைப் பார்த்துப் பரிதாபப்பட வழியில்லை. என் வீட்டுக்காரர் சவுரியப்பனையும் சேர்த்து நான்கு பிள்ளைகள் பெற்று, நான்கையும் அடித்து வளர்த்தவர் அவர்.

அத்தை செய்தது புளி வியாபாரம். மாசி, பங்குனியில் மரத்தை உலுக்கியதும் புளியை வாங்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உருண்டை பிடித்துக் கூடையில் அடுக்குவார். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குப் பஸ். அங்கே தண்டு என்கிற கண்டோன்மென்ட் பக்கத்தில் இருந்த சட்டைக்காரர் வீடுகளில்தான் அவருடைய வியாபாரம். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வேலைக்காரர்களிடம் கன்னடம் பேசுவார், வீட்டுக்கார அம்மாக்களிடம் இங்கிலீஷ் பேசுவார். அவருடைய இங்கிலீஷ் மொத்தமும் "நோ சீட், நோ ஸ்டோன், குட் மேடம்" என்பதுதான். புளியைச் சொல்கிறாரா அந்த அம்மாவைச் சொல்கிறாரா என்று தெரியாது, ஆனால் புளி விற்றுவிடும்.

அந்தக் காலத்தில் அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிக்கொண்டிருந்தன. போகும்போது தூக்கிப்போக முடியாததை எல்லாம் வந்தவர் போனவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அத்தையோடு போன பெண்கள் கம்பளி கேட்டார்கள், இரும்புச் சட்டி கேட்டார்கள். அத்தை ஒரு வீட்டில் புளிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுவர் அலமாரியில் இருந்த பீங்கான் நாயைக் காட்டினார். காது தொங்கிய, பழுப்பும் வெள்ளையுமான நாய். ஒரு காது உடைந்து ஒட்டவைத்தது. "ஒடஞ்ச பொம்மை அது" என்று அந்த வீட்டு டாரதி அம்மா வேறு ஏதேதோ எடுத்துக் காட்டினாராம். அத்தை அந்த நாயை விட்டு விரலை எடுக்கவில்லை. கடைசியில் நாய் புளிக்கூடையில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? வருஷம் ஒன்றோ இரண்டோ வந்தபடி இருந்தன. படுத்திருக்கிற ஆட்டுக்குட்டிகள், குஞ்சுகளோடு கோழி, நீளக் கழுத்து அன்னம், முதுகில் இரண்டு கூடை சுமக்கிற கழுதை. அந்தக் கூடைகள் உப்பும் மிளகுத்தூளும் போட்டு வைக்க என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அத்தைக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டார்.

ஊரார் சும்மா இருப்பார்களா? "லூர்து புளியை வித்து நாய் வாங்கியாறா" என்று கிணற்றடியில் பேச்சு. மாமனாரும் தன் பங்குக்குக் கேட்பார். "பால் கறக்குமா அது? முட்டை வெக்குமா?"

"கறக்காது, வெக்காது. தீனி கேக்காது, சாவாது. சும்மா நிக்குது. எனக்கு அது போதும்" என்பார் அத்தை.

எனக்கு அப்போது அது திமிர்ப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு சாமானும் ஏதாவது ஒரு வேலைக்காக இருந்தது. மனிதர்களும் அப்படித்தான் இருந்தோம். சும்மா இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா பார்ப்பது என்பது அவருக்கு வேறு எங்கும் கிடைக்காத சுகம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற தைரியம் எனக்கெல்லாம் இருந்ததில்லை.

மாடு வந்தது மழை பொய்த்த வருஷத்தில். எங்களிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. உயிருள்ள பிராணிகளில் அத்தை மனசாரத் தொட்டது அது ஒன்றைத்தான். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வைக்கோல் இல்லாமல் அதன் எலும்பு தெரிய ஆரம்பித்ததும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தரகரிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அத்தையோடு கூடப் போனது மாமனார். அவர்தான் பிறகு என்னிடம் சொன்னார். "கயித்த மாத்திக் குடுத்துட்டு நடக்கறோம், அது எங்களையே திரும்பிப் பாக்குது. உங்கத்தை திரும்பல."

அதே வருஷம் டாரதி அம்மாவும் ஊரைவிட்டுப் போனார். காலி வீட்டில் கடைசியாக நின்ற பொம்மை ஒரு பசுமாடு. அதுவும் செவலை, நெற்றியில் கொஞ்சம் வெள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற மாடு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அதைக் கூடையில் வைக்காமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். பீரோவின் நடுத் தட்டில், நடுவில் வைத்தார். "திரும்பிப் பாக்குது பாரு மேரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் என்னைத் துடைக்கவிடமாட்டார்.

இனிமேல்தான் வம்பு.

1970-இல் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. எங்கள் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் குடிலுக்கான மாடு, கழுதை, ஆடுகள் எல்லாம் அங்கேதான் பெட்டியில் இருக்கும். கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றுவிட்டது. எல்லாம் சுண்ணாம்புப் பொம்மைகள். மார்கழியில் திறந்து பார்த்தால் மாடும் இல்லை கழுதையும் இல்லை, கூழ்தான் இருந்தது. மாதாவும் சூசையப்பரும் குழந்தை சேசுவும் பீடத்து அலமாரியில் இருந்ததால் தப்பினார்கள்.

உபதேசியார் பிலவேந்திரன் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கோயில் காரியம் எல்லாம் பார்ப்பவர் அவர். மெலிந்த ஆள், கறாரான ஆள். செபம் சொல்லும்போது யாராவது இருமினால்கூட நிறுத்திவிட்டு முறைப்பார். அவர் தயங்கிப் பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, ஒரு ஒத்தாசைங்க. உங்க பீரோவுல இருக்குதே மாடு, ஆடு, கழுதை... மூணு ராசா திருநாள் வரைக்கும் குடிலுக்குக் குடுத்தீங்கன்னா..."

அத்தை பீரோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சாமி பக்கத்துலயா வெப்பீங்க?" என்று கேட்டார்.

"பக்கத்துலயேதானுங்க. மாட்டைத் தலமாட்டுல வெச்சிர்றேன்."

இத்தனை வருஷம் ஊர் சிரித்த பொம்மைகள். அவற்றைக் கேட்டுக் கோயிலே வாசலுக்கு வந்திருக்கிறது. அத்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாடு, ஆடு, கழுதை என்று கேட்டவருக்குக் கோழியையும் அன்னத்தையும் சேர்த்துக் கொடுத்தார். கடைசியில் நாயையும் எடுத்தார்.

"பெத்லகேம்ல நாய் ஏதுங்க அத்தை?" என்றேன்.

"நாயில்லாம எடையனுங்க ஆடு ஓட்டியாந்தாங்களாக்கும். இவ போயி கண்டா" என்றார்.

குடில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. சூசையப்பர் முழங்கால் உயரம், அவர் காலடியில் மாடு பூனைக்குட்டி அளவு. அன்னத்துக்கு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம் செய்திருந்தார்கள். ஆனால் அகல் வெளிச்சத்தில் அந்தப் பீங்கான் மினுங்கிய மினுக்கு, பழைய சுண்ணாம்பு மாடு ஏழேழு ஜன்மத்துக்கும் மினுங்கியிருக்காது. சாயங்காலம் புதுச் சாமியார், அதாவது பாதிரியார், வந்து செபம் சொல்லி, குடில் முழுக்கத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாட்டின் முதுகில் சொட்டு விழுந்து உருண்டது. அத்தை கைகூப்பி நின்றார். நானும் நின்றேன், பிலவேந்திரனும் நின்றார். என்ன நடந்துவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் அத்தை புளிக்கூடையில் வைக்கோல் பரப்பி, பழைய சேலையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பிலவேந்திரன் குடிலுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"அக்கா, மந்திரிச்சாச்சுங்களே" என்றார்.

வெளியாருக்கு இதில் என்ன வந்தது என்று தோன்றும். எங்கள் ஊரில் மந்திரித்த பொருளுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை விற்கக்கூடாது, விளையாடக்கூடாது, அழகுக்கு வைக்கக்கூடாது. மந்திரிக்கிற வரைக்கும் அது பொம்மை, மந்திரித்தபின் சுரூபம், அதாவது சாமிச் சிலை. சுரூபம் உடைந்தால்தான் அதிலிருந்து மந்திரிப்பு போகும். இந்தச் சட்டத்தை அத்தை கரைத்துக் குடித்தவர். எங்கள் வீட்டில் யாராவது மந்திரித்த செபமாலையைக் கழுத்தில் அழகுக்குப் போட்டால் அடி விழும். இரவல் பொம்மைகளை எடுத்து வைத்துவிட்டுத் தெளிக்கச் சொல்லியிருக்கலாம், அல்லது தெளிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லியிருக்கலாம். குடில் என்றால் மந்திரிப்பதும் வழக்கம்தானே என்று எல்லாரும் கைகூப்பி நின்றுவிட்டோம்.

போதாததற்குச் செல்லி வேறு. செல்லி எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரி, இந்து. அவளுடைய பசு இரண்டு ஈற்றும் செத்த கன்றாகப் போட்டிருந்தது. குடில் பார்க்க வந்தவள் பீங்கான் மாட்டின் மடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள். அதே வாரத்தில் அவளுடைய பசு நல்லபடியாகக் கிடேரிக் கன்று போட்டது. செல்லி சீம்பாலைச் சொம்பில் கொண்டுவந்து குடிலுக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து மாட்டைத் தொட்டார்கள்.

அத்தை கூடையைக் கீழே வைக்காமல் சாமியாரைப் பார்க்கப் போனார். சாமியார் வெளியூர்க்காரர், சிரித்துவிட்டார். "உங்க பொருள்தானேம்மா? தாராளமா எடுத்துட்டுப் போங்க. வீட்ல மரியாதையா வெச்சுக்குங்க" என்றார்.

மரியாதையாக என்றால் எங்கே? எங்கள் வீட்டில் சாமிப் பீடம் ஒன்று உண்டு. மாமனாரிடம் கேட்டதற்கு, "தெனமும் நாய்க்கும் கோழிக்கும் முன்னால முழங்கால் போடச் சொல்றியா?" என்று குதித்தார். பீரோவில் வைத்தால் அழகுக்கு வைத்ததாகும். அதுதானே பாவம்? சாமியார் உத்தரவு கொடுத்தும் அத்தையால் முடியவில்லை. தடுத்தது பிலவேந்திரன் மட்டும் என்றால் அத்தை அவரை ஒரு கை பார்த்திருப்பார். தடுத்தது அவருடைய விசுவாசமேதான். அதனோடு யார் சண்டை போடுவது?

காலிக் கூடையோடு வந்து அத்தை அடுப்படியில் உட்கார்ந்தார். பீரோவில் ஒரு தூசிகூட இல்லை, துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள் நான். இருந்தாலும் துணியை எடுத்து வெறும் தட்டுகளைத் துடைத்தேன்.

மூன்றாம் நாள் சட்டென்று எழுந்தார். "அந்த நாயி..." என்றார். விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். பூசை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் சாமியாரோடு பேசிக்கொண்டிருந்த நேரம்.

"உபதேசியாரே, ஒடஞ்சதுல மந்திரிப்பு நிக்குமா?"

"நிக்காதுங்க அக்கா."

"அந்த நாயோட காதப் பாருங்க. எங்கூட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே ஒடஞ்சது. ஓட்டைக் கொடத்துல தண்ணி ஊத்துனா நிக்குமா? மந்திரிக்கறப்பவே அது ஒடஞ்ச நாயிங்க. அதும்மேல மந்திரிப்பு ஏறவே இல்ல."

சாமியார் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பிலவேந்திரன் நாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், ஒட்டிய இடத்தைத் தடவினார், வெகுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தார். நாய் வீட்டுக்கு வந்தது. மற்றதெல்லாம் முழுசு, அதனால் அங்கேயே தங்கிவிட்டன. அந்தோணியார் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து அவற்றை வரிசையாக வைத்தார்கள்.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அத்தை ஈரத்துணியோடு கோயிலுக்குப் போவார். குங்குமத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு வருவார். மாட்டின் கழுத்தில் யார் யாரோ கட்டிய நூல்களை மட்டும் அவிழ்க்கமாட்டார். "அது அவங்கவங்க வேண்டுதல், நாம யாரு அவுக்கறதுக்கு?" என்பார்.

ஊரே தொட்டுக் கும்பிட்டால் பீங்கான் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் முட்டி மோதியதில் கோழி கீழே விழுந்தது. பிலவேந்திரன் அதைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார். "கோழி ஒடஞ்சு போச்சுங்க அக்கா. இனி இது கோயிலுக்கு ஆவாது" என்று தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார். அத்தை முட்டை வெள்ளைக்கருவில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து, குஞ்சு குஞ்சாக ஒட்டி, பீரோவில் நாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அன்று ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"கோழி ஒடஞ்சதுக்குச் சந்தோசப்பட்டேன் மேரி. அது பாவமா?"

"அதெல்லாம் இல்லீங்க அத்தை" என்றேன். எனக்கென்ன தெரியும்?

அப்புறம் கழுதை வந்தது, கூடை ஒன்று இல்லாமல். அன்னம் கழுத்து இல்லாமல் வந்து, கழுத்து தனியாக மறுநாள் வந்தது. ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. எதில் எங்கே உடையும், விழுந்தால் எது முதலில் போகும் என்பதெல்லாம் அத்தைக்கு ஒட்டி ஒட்டியே பழகிவிட்டது. நடுத் தட்டில் நடு இடம் மட்டும் காலியாகவே இருந்தது. ஒரு தடவை நான் அங்கே மறதியாக டம்ளரை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாடு உடையவே இல்லை. ஊரில் அதன் மேல்தான் எல்லாருக்கும் பயபக்தி. தொடுவதைக்கூட ஒற்றை விரலால் தொடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தைக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதே என்று கோயிலுக்குத் தேடிப் போனேன். உள்ளே வேறு யாரும் இல்லை. அத்தை மாட்டைப் பிடித்த கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். கீழே கல் தரை. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், மாடு வீட்டுக்கு வந்துவிடும். கைதவறிவிட்டது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. என்னைக்கூட அவர் பார்க்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால், போடுங்க அத்தை, போட்டுடுங்க என்று எனக்குள்ளே வேண்டிக்கொண்டேன். அவர் மாட்டைத் திரும்பப் பலகையில் வைத்து, கழுத்து நூல்களைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

வரப்பில் நடக்கும்போது அவராகவே சொன்னார். "ஒடச்சு எடுத்தாந்தா அது எம்மாடு ஆவுமா மேரி? நான் ஒடச்ச மாடாத்தான் ஆவும். ஒரு தடவ சந்தையில விட்டுட்டு வந்தவ நான்."

எனக்கு அன்றைக்குத்தான் அவர் மேல் இருந்த கோபதாபமெல்லாம் கழன்று விழுந்தது.

1978-இல் மாமனார் காலமானார். அடுத்த வருஷம் அத்தை கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டும் சேரவில்லை. நானும் சவுரியப்பனும் கட்டிலைப் பீரோவுக்கு எதிரில் திருப்பிப் போட்டோம். அவருக்கு நினைவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, உடம்புதான் நாளுக்கு நாள் உலர்ந்துகொண்டே போனது. பீரோவையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். நாய், கோழி, கழுதை என்று ஒவ்வொன்றாகக் கண் நகரும். நடுத் தட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிலவேந்திரன் விசாரிக்க வந்தபோது இதை அவரிடம் சொன்னேன். சொல்லத்தான் சொன்னேன், எதுவும் கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் சாமியார் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுவந்தார். பிலவேந்திரன் முன்னால் மணி அடித்துக்கொண்டு வந்தார். எங்கிருந்தோ செல்லியும் வந்து வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை. சாமியார் அத்தைக்கு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசினார், நன்மை கொடுத்தார். செபமெல்லாம் முடிந்தது. பிலவேந்திரன் தோள் துண்டைக் கையில் எடுத்து, முடிச்சை அவிழ்த்தார்.

"அக்கா, மாடு ஒடஞ்சு போச்சுங்க."

அத்தை கண்ணைத் திறந்தார். பிலவேந்திரன் மாட்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். ஒரு கொம்பு இல்லை. கொம்பைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை. எல்லா நூலையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள் செல்லி.

"எப்பிடி ஒடஞ்சுது?"

"கூட்டறப்ப கை பட்டு... கீழ உழுந்துருச்சுங்க."

அத்தை கட்டைவிரலால் கொம்பு இருந்த இடத்தைத் தடவினார். பிறகு கால் நான்கையும் தடவினார், வாலைத் தடவினார்.

"கீழ உழுந்தா மொதல்ல காலு போவும். அப்புறம் வாலு. கொம்பு மட்டும் எப்பிடி ஒடையும்?"

இருமினால் முறைக்கிற பிலவேந்திரன் தரையைப் பார்த்தபடி வெறும் துண்டைத் திரும்ப முடிச்சுப் போட்டார்.

"வேந்திரா, வாயில நன்மை வாங்கிட்டுப் படுத்திருக்கறேன். எங்கிட்ட பொய் சொல்லாத."

"சாமியார் இங்கதானுங்க இருக்கறாரு. நான் அவருகிட்டயே சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன். நீங்க மாட்டைப் பாருங்க அக்கா."

அத்தை பார்த்தார். மாடு கழுத்தைத் திருப்பி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.